வாயில் கிராம்பு

"மாமா, இருமல் இருக்கறவங்க படகுலயே இருக்கணுமாம். நம்ம சளி பட்டா சிம்பன்சி செத்துடுமாம்" என்றார் மாப்பிள்ளை. வழிகாட்டி ஹமிசி என் முகத்தையே பார்த்தான்.

"புருடா விடறான். எனக்கேது இருமல்?"

கிராம்பைக் கடித்துக்கொண்டு ஏரிக்கரைக் காட்டில் ஏறினேன். பத்தடியில் ஒரு தாய்ச் சிம்பன்சி குட்டியோடு உட்கார்ந்திருந்தது. ஹமிசி மாட்டிவிட்ட முகமூடிக்குள் மூச்சு முட்டியது. இறக்கினேன். ஒரே ஒரு இருமல்தான். குட்டி என்னையே பார்த்தது.

மூன்றாம் நாள் மறுபடி போனோம். மரத்தின் மேலே, இலைக்குள்ளிருந்து, சின்னதாக ஒரு இருமல். ஹமிசி திரும்பி எங்கள் தலைகளை எண்ணினான். எல்லோரும் தரையில்தான் நின்றோம்.

"யாரு மாமா இருமினது?"

நான் இன்னொரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன்.