மணலில் ஆடிய வள்ளம்

கித்தேரியம்மாள் டிக்கெட் எடுக்காமல் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். விடுதிக்காரர்கள் மணலில் இரும்பு ஸ்பிரிங் மேல் ஒரு பழைய வள்ளத்தை ஏற்றி, 'கடல் அனுபவம்' என்று போர்டு வைத்திருந்தார்கள். நிஜக் கடல் பின்னால் சும்மா கிடந்தது. அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டிய குடும்பங்கள் மணல்மேல் நின்ற வள்ளத்தில் உட்கார்ந்து மூழ்கிவிடப்போவதுபோல் அலறின. முனையில் ஓலைத்தொப்பியும் பாசிமணியுமாக அவள் புருஷன் சூசையந்தோணி காற்றில் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான். முதல்முறை மீன்பிடிக்கக் கடலுக்கு வந்து வாந்தியெடுக்கிறவர்களைச் சிரித்தே கரைக்கு விரட்டியவன் அவன்.

வள்ளத்தை ஆட்டும் மோட்டார் வேகமெடுத்தது. சூசையின் முகம் வெளிறியது. ஓரமாகக் குனிந்து காய்ந்த மணலில் குடம்குடமாக வாந்தியெடுத்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். "சூப்பர் ஆக்டிங் அங்கிள்!"

சூப்பர்வைசர் ஓடிவந்தான். "அண்ணாச்சி, அடுத்த ட்ரிப்புக்கும் இதையே செய்ங்க. ஆனா கடல் பக்கமா எடுங்க, போட்டோவுக்கு நல்லாயிருக்கும்."

சூசை வாயைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அந்தப் பக்கமே எடுங்க" என்றாள் கித்தேரி. "கடலும் பாக்கட்டும்."