ஷாட் ரெடி

நகைச்சுவை நடிகர் தணிகாசலத்துக்கு அன்று பெண் வேடம். படப்பிடிப்பு ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில். விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் புடவையோடு கீழே இறங்கிவந்து, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. அது நிம்மதியாக இருந்தது. போன வருடம் மனைவியின் சாவு வீட்டில்கூட அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெஞ்சின் மறுகோடியில் தனியாக இருந்த ஓர் இளம்பெண் மெல்ல நகர்ந்து வந்தாள்.

"அக்கா, என் வீட்டுக்காரர் உள்ளே இருக்காரு. கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. கொஞ்ச நேரம் உங்க கையைப் பிடிச்சுக்கட்டுமா?"

குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் தலையை மட்டும் அசைத்தார். கண்ணாடி வளையல்களோடு சேர்த்து அவர் மணிக்கட்டை அவள் இறுகப் பற்றிக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. வெகுநேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

உதவி இயக்குநர் படியிறங்கி வந்தார். "தணிகா சார், ஷாட் ரெடி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரிந்துவிட்டது. அவரே கையை விடுவித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடும்மா. முதல்லயே சொல்லியிருக்கணும்."

அவள் ஆபரேஷன் தியேட்டரின் மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு, "போயே ஆகணுமா சார்?" என்றாள்.

"நான் வர நேரமாகும்" என்று உதவி இயக்குநரிடம் சொல்லிவிட்டு, தணிகாசலம் தன் கையை இருவருக்கும் நடுவே பெஞ்சின்மேல் வைத்தார்.