காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம்

கதவு ஒரு சாண்தான் திறந்தது. ஒரு கை நீண்டு வீப்கெயின் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது. அவள் குதிகால் நுழைவதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

கிழவர் பூனை வளர்க்கிறார், அது வெளியே ஓடிவிடாமல் பார்க்கிறார், என்று நினைத்தாள் வீப்கெ.

ஜெர்மனியில், காஸல் நகரத்து அந்தக் கட்டடத்துக்குப் பராமரிப்பாளர் அவள். பூனைக்கு அங்கே அனுமதியில்லை. ஆனால் அவள் வந்தது ஜன்னலுக்காக.

வாடகை ஒப்பந்தம், ஏழாம் பிரிவு: காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், ஜன்னல்களை அகலத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். ஜனவரியானாலும் சரி, பனி கொட்டினாலும் சரி.

ஷ்டெங்கல் கிழவர் மூன்று வாரமாகத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஆதாரம் அனுப்பியிருந்தார்: மூடிய ஜன்னலின் படங்கள், பதினேழு.

வீப்கெ இன்று அறிக்கையில் ‘காற்றோட்டமில்லை’ என்று எழுதினால், கிழவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

உள்ளே முட்டைக்கோஸ் வாசனை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. சுவரில் பூஞ்சை. சாவித்துவாரத்தில் பஞ்சு. தபால் துளைக்கு ஒட்டுநாடா. குளியலறைக் காற்றுப்போக்கியில் ஒரு தலையணையே திணித்திருந்தது.

நாற்பத்தொரு வருஷம் ஒருநாளும் தவறாத வீடு. ஹெட்விக் ஷ்டெங்கல் ஜன்னல் திறக்கும் சத்தத்தில்தான் கட்டடமே கடிகாரத்தைச் சரிபார்க்கும். கிழவர் அப்போதெல்லாம் குல்லாயும் கையுறையுமாக உட்கார்ந்து மனைவியைத் திட்டுவார்.

மூன்று வாரத்துக்கு முன் ஹெட்விக் இறந்துபோனாள். அந்தத் தைரியத்தில் மனுஷன் கதகதப்பை அனுபவிக்கிறார் போலும்.

வீப்கெ ஜன்னல் கைப்பிடியைப் பற்றினாள்.

“அவ போன அன்னைக்கு அந்த நர்ஸம்மாவும் இப்படித்தான் தொறக்க வந்தாங்க. உசுரு வெளிய போக வழி விடணுமாம். நான் விடலியே.”

வீப்கெயின் கை அப்படியே நின்றது. அம்மா இறந்தபோது ஜன்னலைத் திறந்துவிட்டவள் அவளேதான்.

“மூணு வாரமா மூச்சு முட்டுதுன்னு என்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருப்பா,” என்றார் கிழவர். “திட்டட்டும்.”

வீப்கெ கைப்பிடியை விட்டாள். அறிக்கையை எடுத்து, ‘காலை பத்து, மாலை பத்து, குறையில்லை’ என்று எழுதினாள். பூஞ்சைக்கான பழியை ஒழுகாத குழாயின்மேல் போட்டாள்.

கிளம்பும்போது கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நழுவினாள்.

பின்னால் யாரும் இல்லாத இடத்தைக் காலால் மறித்தபடியே, மெதுவாகச் சாத்தினாள்.