திரும்பி நின்ற சனம்

குட்டி விமானம் தென்னந்தோப்புக்கு மேலே தாழ ஆரம்பித்ததும் குழந்தையம்மாள் சத்தம் போட்டார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. ஒருத்தரும் பாக்கக் கூடாது."

தாராபுரம் ரோட்டு ஓடுபாதை ஓரத்தில் நின்ற இருபது சொந்தக்காரர்களும் அப்படியே முதுகைக் காட்டி நின்றார்கள். அவரும் திரும்பிக்கொண்டார்.

லைசென்ஸ் தேர்வு நடத்த வந்திருந்த மோகன்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே தனியாக ஓட்டிக்கொண்டிருப்பவர் இந்த அம்மாளின் வீட்டுக்காரர் பாலுசாமி. காங்கேயத்தில் எண்ணெய் மில் நடத்துகிறவர். ஐம்பத்தாறு வயதில் பறக்க ஆசை வந்துவிட்டது. கட்டின பெண்டாட்டியே முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனுஷனுக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

"நீங்களும் ஷெட்டுக்குள்ள போயி ஜன்னல் வழியா பாத்துக்குங்க சார்" என்றார் குழந்தையம்மாள்.

என்ன அதிகாரம் என்று நினைத்தபடியே மோகன்குமார் உள்ளே போனார்.

வாலில் சக்கரம் வைத்த விமானம் அது. தரையைத் தொட்ட பிறகுதான் வேலையே. ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்கும்வரை காலால் பெடலோடு மல்லுக்கட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் வால் முன்னால் வந்து, ஒரே சுற்று.

பாலுசாமி ஏற்கெனவே இரண்டு முறை சுற்றிவிட்டார். ஒரு முறை சோளக்காடு, ஒரு முறை கிளுவை வேலி. இரண்டு முறையும் பூ மாதிரி இறக்கிவிட்டு அப்புறம்தான் சொதப்பினார். கேட்டால் காற்று என்றார். இன்றைக்கும் சுற்றினால் இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று பயிற்சிப் பள்ளியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் நேராக ஓடியது. நேராகவே நின்றது.

மோகன்குமார் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. வெளியே வந்து கேட்டேவிட்டார்.

"ஏம்மா, அவர் உயிரைக் கொடுத்து இறக்குறாரு. நீங்க ஒரு பார்வை பார்த்தா என்ன கொறைஞ்சு போச்சு?"

குழந்தையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு மட்டும் பாக்கோணும்னு ஆசையில்லீங்களா சார்? நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டனுங்க. அவரு கேக்கறாரு, அவரு கை கேக்க மாட்டேங்குது. ஓரத்துல தெரிஞ்ச மொகம் ஒண்ணு நின்னாப் போதும், ஸ்டிக்க உட்டுப்போட்டு ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டுப்போடறாருங்க."