எதிர் ஊளை

“கேட்டியா? அவ மறுபடியும் என்னைக் கூப்பிடறா!”

வெய்லன் கிசுகிசுத்தான். பக்கத்துல குப்புறப் படுத்திருந்த அவன் பொண்டாட்டி ஷெல்பி, தொடையில நறுக்குனு ஒரு கிள்ளு வெச்சா.

“கல்யாணமாகி ஆறு மாசம் ஆகல. அதுக்குள்ள இன்னொருத்தி கேக்குதா உனக்கு?”

“சும்மா இருடி. பெட்டை நரி அது. கொரல்லயே தெரியல?”

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஊளை இழுத்து இழுத்து அடங்குச்சு. வெய்லன் கழுத்துல தொங்கின, நரி மாதிரி சத்தம் போடற ஊதுகுழல எடுத்தான். கண்ண மூடிக்கிட்டு, உருகி உருகி, பதில் ஊளை விட்டான்.

டெக்சஸ் மாநிலம், சொனோரா ஊருக்குப் பக்கத்துல மிஸ் ஓப்பலோட ஆட்டுப் பண்ணை இது. தெற்கு கேட்டுல நொழஞ்சா வடக்கு கேட்டுக்குப் போறதுக்குள்ள வண்டியிலயே ஒரு தூக்கம் போட்டுடலாம், அவ்ளோ பெருசு. குட்டிங்கள ஒண்ணொண்ணா கயோட்டி நரி தூக்கிட்டுப் போகுதுனு அந்தம்மா பொலம்பினப்ப, வெய்லன் நெஞ்ச நிமித்திக்கிட்டு வாக்கு குடுத்துட்டான். “நவம்பர் முடியறதுக்குள்ள நரியக் கொண்டாந்து போடறேன் மேடம். இல்லேன்னா உங்க நெலத்துல காலே வெக்க மாட்டேன்!”

இன்னைக்கு நவம்பர் கடைசி ராத்திரி. நரி வாலக்கூட இவன் கண்ணால பாக்கல.

டெக்சஸ்ல நெலமெல்லாம் தனியாருது; வேட்டைக்கு நெலம் கெடைக்கறது பொண்ணு கெடைக்கறத விடக் கஷ்டம். இதுவும் போச்சுன்னா, ஆசை ஆசையா இருந்த பைக்க வித்து வாங்கினானே தெர்மல் ஸ்கோப், இருட்டுல உடம்புச் சூட்ட வெள்ளையாக் காட்டுமே, அத வெச்சு வீட்டுப் பூனையத்தான் வேடிக்கை பாக்கணும்.

“தெனம் பதில் சொல்லுது. ஆனா கிட்ட வர மாட்டேங்குதே, ஏன்?” ஷெல்பி கேட்டா.

“வெவரமானவ. என்னை எடை போடறா.”

“புதன்கிழமை மட்டும் வாயே தொறக்கறதில்லையே?”

“ஏன், அவளுக்கு ஒருநாள் லீவு கூடாதா?”

“ரொம்பத்தான் தாங்கற அவள!”

வெய்லன் துப்பாக்கிய எடுத்துக்கிட்டான். “இனிமே காத்துக்கிட்டிருந்தா ஆகாது. அவ வரலேன்னா நாம போவோம்.” ரெண்டு பேரும் முள்ளுச்செடிக்கு நடுவுல வயித்தால ஊந்து மேட்டு உச்சிக்குப் போனாங்க. ஷெல்பி கையடக்க தெர்மல்ல கண்ண வெச்சு சுத்திப் பாத்தா.

சட்டுனு வெய்லன் கையப் புடிச்சா. “இருக்கு... புதருக்குப் பின்னால. நீட்டமா, தாழ்வா. பளிச்சுனு வெள்ளையாத் தெரியுது. நம்மளப் பாத்துதான் வருது!”

வெய்லன் துப்பாக்கியத் தோள்ல ஏத்தினான். “சொல்லு... நரிதானே? நல்லாப் பாத்துச் சொல்லு.”

அவ தெர்மல்ல இன்னும் அழுத்திக் கண்ண வெச்சா.

“ஷெல்பி?”

“துப்பாக்கியக் கீழ வையி.”

“ஏன்டி?”

“அது காபி குடிக்குது.”

வெய்லன் தெர்மலப் புடுங்கிப் பாத்தான். நெசம்தான். வெள்ளை உருவம் எந்திரிச்சு உக்காந்து, தன்னைவிட வெள்ளையா ஜொலிக்கற ஒரு டம்ளர வாய்கிட்ட கொண்டு போய் ஊதிக்கிட்டிருந்துச்சு.

“யாருடா அது?” வெய்லன் கத்தினான்.

“நீ யாருடா?” நரி திருப்பிக் கத்துச்சு.

டார்ச் அடிச்சா, தீவனக் கடை டக்கர். நெஞ்சு வரைக்கும் தாடி. கழுத்துல அதே மாதிரி ஊதுகுழல்.

“நீயாடா அந்தப் பெட்டை நரி?”

“நான் பெட்டையா? கொஞ்சிக் கொஞ்சி ஊளை விட்டது யாருடா? மாசம் பூரா தூங்கலடா நானு!”

“புதன்கிழமை எங்கடா தொலஞ்ச?”

“சர்ச்சுல பாட்டுப் பயிற்சி.”

ஷெல்பி வயித்தப் புடிச்சுக்கிட்டு முள்ளுமேலயே உருண்டா.

அப்புறம்தான் வெளிய வந்துச்சு. மிஸ் ஓப்பல் வெய்லனுக்குத் தெற்கு கேட்டத் தொறந்து விட்ட மாதிரியே, வடக்கு கேட்ட டக்கருக்குத் தொறந்து விட்டிருக்கு. அவனும் குடுத்தது அதே நவம்பர், அதே வாக்கு. ஒருத்தனுக்கு இன்னொருத்தன் இருக்கறதே தெரியாது. நரியும் இல்ல, நாளையிலேர்ந்து நெலமும் இல்ல.

விடிஞ்சதும் வெய்லனும் டக்கரும் தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு மிஸ் ஓப்பல் வீட்டு வாசல்ல நின்னாங்க, பின்னால ஷெல்பி. அந்தம்மா ஒரு குட்டிக்குப் பாட்டில்ல பால் குடுத்துக்கிட்டிருந்துச்சு. இன்னும் நாலஞ்சு குட்டிங்க வெய்லன் வண்டி மேல ஏறிக் குதிச்சுதுங்க.

“மன்னிச்சுடுங்க மேடம்,” வெய்லன் தலையக் குனிஞ்சான். “எங்களால முடியல. நாங்க கெளம்பறோம்.”

“கெளம்பறதா? நல்லாயிருக்கே கதை! நீங்க வந்ததுலேர்ந்து ஒரு குட்டிகூடக் காணாமப் போகல.”

“நாங்கதான் ஒண்ணையும் சுடலையே?” டக்கர் முழிச்சான்.

“எவன் சுடச் சொன்னான்? ரெண்டு மூலையிலயும் ஓயாம ஊளை கேட்டா, இது வேற கூட்டத்தோட எடம்னு நெசமான நரி ஒதுங்கிப் போயிடும். டிசம்பருக்கும் வாங்க. ஜனவரிக்கும் வாங்க. உங்களுக்கு இல்லாத நெலமா?”

ஷெல்பி சிரிப்ப அடக்கிக்கிட்டுக் கேட்டா. “அதுக்கு நாலு காவல் நாய் வாங்கி விட்டிருக்கலாமே மிஸ் ஓப்பல்?”

“நாய்க்குத் தீனி போடணுமேம்மா. இதுங்க வீட்லயே தின்னுட்டு வருதுங்க!”