சிவப்புக்கு நடுவில் நீலம்

மதிய வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல், கணினித் திரையில் விரிந்திருக்கும் வரைபடத்தின் மேல் கோடு கோடாக விழுந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெருமழை எந்த ஊரில் எவ்வளவு கொட்டும் என்று நிறத்தால் சொல்லும் வரைபடம். சுற்றிலும் செக்கச்செவேல். நடுவில் ஒரே ஒரு ஊர் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நீலமாக உட்கார்ந்திருக்கிறது. வெள்ள பயம் இல்லாத இடமாம். புது ஆஸ்பத்திரியை அங்கேதான் கட்டப் போகிறார்கள். புள்ளியியல்காரியின் கையெழுத்துக்காகக் கோப்பு மேசையில் காத்துக் கிடக்கிறது. அவளுக்கோ அந்த நீலம் மண்டையைக் குடைகிறது. அந்த நிறத்துக்கு ஆதாரமான கணக்கை, ஒவ்வொரு வருஷமும் அந்த ஊரில் ஒரே நாளில் கொட்டிய உச்ச மழையை, விரலால் தடவிக்கொண்டே இறங்குகிறாள். இருநூறு, இருநூறு, மறுபடியும் இருநூறு. பதிவிலிருக்கும் ஏழு வருஷமும் சொல்லி வைத்தாற்போல இருநூறு மில்லிமீட்டர். வானத்துக்கு ஏது இவ்வளவு ஒழுங்கு? அங்கே மழைமானி பார்ப்பவரைத் தொலைபேசியில் பிடிக்கிறாள். "அண்ணா, அது எப்படி எல்லா வருஷமும் ஒரே அளவு?" "இருந்ததைத்தானேம்மா எழுத முடியும்? கொஞ்சம் இருங்க." மழைமானி மேடையின் படியேறும் செருப்புச் சத்தம். வாளியின் கைப்பிடி கிணுங்குகிறது. மானிக்குள் விழும் தண்ணீரின் ஓசை கனத்துத் தொடங்கி, நிரம்ப நிரம்பச் சன்னமாகி, சட்டென்று சளசளவென்று சிமெண்டுத் தரையில் சிதறுகிறது. "கேக்குதாம்மா? இருநூறுதான் பிடிக்கும். மிச்சம் வழிஞ்சிடும்." அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. "வழிஞ்சது எவ்வளவுண்ணா இருக்கும்?" "அதை இதுவரைக்கும் யாரும் கேக்கலையே. ஆனா அந்த ஏழு தடவையும் கழுத்தளவு தண்ணியில நீந்தி வந்துதான் இருநூறுன்னு எழுதினேன்."