ரோஸ் வாளி

மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாளி நிறைய ரோஸ் நிறக் கலவை.

"அப்போ அண்ணியும் கலக்கித்தான் வெச்சிருக்காங்க" என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க வீட்டில் யாரும் இல்லை. வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்ட அண்ணியை அண்ணன் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தான்.

அண்ணி களிமண்ணில் கிண்ணம் செய்பவள். எந்தக் கிண்ணமானாலும் அவள் கையில் கறுப்பாகத்தான் முடியும். பூ கிடையாது, கோடு கிடையாது. போன வாரம், அவற்றை வாங்கி விற்கும் கடைக்காரர் வந்து காலில் விழாத குறைதான். ஒரு பெரிய ஓட்டல், அறைக்கு அறை அண்ணியின் கிண்ணத்தை வைக்கத் தயாராக இருந்தது. நிறம் மட்டும் ரோஸாக இருக்க வேண்டுமாம்.

"காலையில கண்ணு முழிச்சதும் இந்தக் கறுப்பைப் பாத்தா, தங்க வந்தவன் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாம்மா" என்றார்.

போகாமல் இருக்கிறவனுக்கு வைத்தால் போதும் என்று அண்ணி சிரித்தாள். அடுத்த தடவையும் கறுப்பே வந்தால், கடையில் அவளுக்கென்று விட்டிருக்கும் அலமாரி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எச்சரித்துவிட்டுக் கிளம்பினார் அவர்.

"அவளை யாராலயும் அசைக்க முடியாது" என்று அண்ணன் பெருமையோடு சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த தங்கைக்கு அது பொறுக்கவில்லை.

தங்கையை அதே கடைக்காரர்தான் அசைத்திருந்தார். வெள்ளைக் கோப்பைகளை வாங்கி, ஒற்றைக் காக்கை, அறுந்து தொங்கும் மின்கம்பி, யாரோ விட்டுப்போன செருப்பு என்று மனம்போல வரைந்துகொண்டிருந்தவள் அவள். ரோஜா போடச் சொன்னார்; மறுவாரமே போட்டாள். விளிம்பில் தங்கக் கோடு கேட்டார், அதற்கும் தலையாட்டினாள். இருமல் மருந்து மாதிரி பழுப்பாக இருக்கும் திரவத்தைத் தொட்டு இழுத்துச் சூளையில் வைப்பாள். தங்கமாகத் திரும்பி வரும்.

கோப்பைகள் நன்றாகவே விற்றன. ஆனால் உன் காக்கையையே போடு என்று வீட்டில் ஒருவர்கூட அவளிடம் சொன்னதில்லை.

அண்ணியின் இந்த அறைக்குள் இதற்குமுன் அவள் வந்ததில்லை. சூளையில் வைப்பதற்குமுன் கிண்ணங்களை நிறமேற்றும் கலவையில் முக்கும்போது அண்ணி கதவைச் சாத்திக்கொள்வாள். இன்றைக்கு முக்க வேண்டியவை பலகைமேல் காய்ந்து காத்திருந்தன. கடைக்காரர் வருவதற்குள் வெந்து ஆற வேண்டுமென்றால் உடனே சூளையைப் போட்டாக வேண்டும். நான் முக்கித் தருகிறேன் என்று காலையில் பேச்சுக்குக் கேட்டபோது, இடது கையாலாவது தானே பார்த்துக்கொள்வதாக அண்ணி சொல்லிவிட்டாள்.

இன்னும் இரண்டு வாளிகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் வெள்ளை. மற்றதில் சாக்கடைச் சேறு போல ஏதோ கருகருவென்று கிடந்தது. அதுதான் அந்தப் பேர்பெற்ற கறுப்பு போலிருக்கிறது என்று உதட்டைச் சுழித்தாள்.

வெளியே அத்தனை பிடிவாதம், உள்ளே ரோஸ் கலக்கி மூடிவைத்திருக்கிறாள். துணிச்சல்தான் வரவில்லை. அதை நாம் வரவழைத்துவிட்டால் போயிற்று. நீங்கள் கலக்கி வைத்திருந்ததால் அதுதான் என்று நினைத்துவிட்டேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"நீங்களும் கொஞ்சம் இறங்கி வாங்க அண்ணி" என்று முணுமுணுத்தபடி முதல் கிண்ணத்தை ரோஸில் முக்கினாள்.

எல்லாவற்றையும் முக்கிச் சூளையில் அடுக்கி, வாளியின் விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து மூடியைப் போட்டாள். சூளையின் சுவிட்சைத் தட்டியபோது பல நாள் தலைவலி விட்டமாதிரி இருந்தது.

கையில் கட்டோடு திரும்பிய அண்ணிக்குச் சூளையின் சூடு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

"நீயா முக்கினே?"

"ஆமா அண்ணி. உங்களால முடியாதேன்னு."

அண்ணி மூடியிருந்த வாளிகளைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு, இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பதுபோல, சூளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வாடிய முகத்தைப் பார்க்கப் பார்க்கத் தங்கைக்கு இனித்தது. ஏன் இனிக்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அதற்காக இனிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கடைக்காரர் வந்த பிறகுதான் சூளையைத் திறந்தார்கள். அவளே முன்னால் நின்று கதவை இழுத்தாள். அண்ணி முகம் போகிற போக்கைத் தவறவிட அவளுக்கு மனமில்லை.

உள்ளே அத்தனையும் கறுப்பு. மேல்தட்டு, கீழ்த்தட்டு, மூலையில் செருகி வைத்த சின்னக் கிண்ணம் வரை ஆழ்ந்த கறுப்பு.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அலமாரியை இன்றைக்கே காலி செய்துவிடச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினார்.

அண்ணிக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. சின்னக் கிண்ணத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சூளைக் கதவைப் பிடித்தபடி நின்ற நாத்தனாரின் தோளை நல்ல கையால் இழுத்து அணைத்துக்கொண்டபோது அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாக்க ரோஸா இருக்கும், ஆனா வெந்தா கறுப்பாகிறது அந்த வாளிதான்னு உனக்கு யாரும்மா சொன்னாங்க?"